மருத்துவக் காப்பீடும் ஆயுள் காப்பீடும்: ஒரு ஏஜெண்டின் விளக்கம்

நம் சங்கக் கூட்டங்களில் அன்பர்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சார், இத்தனை நாள் மெடிக்ளெய்ம் பாலிசி போட்டுக்கொடுத்தீர்கள். இப்போது ஆயுள் காப்பீடு என்கிறீர்கள். இரண்டும் இன்ஷூரன்ஸ்தானே, என்ன வித்தியாசம்?" பணி ஓய்வு பெற்ற நண்பர்கள் இருவர், தாங்களும் ஏஜென்சி எடுக்கலாமா என்று விசாரித்தார்கள். இரு சாராருக்கும் சேர்த்து, எனக்குத் தெரிந்த வரையில் இங்கே எழுதுகிறேன்.

நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தவன். கடைசிப் பதினைந்து ஆண்டுகள் நாக்பூரில் கழிந்தன. ஓய்வுக்குப் பின்னும் இங்கேயே தங்கிவிட்டேன். பென்ஷன் வருகிறது, வைத்தியத்துக்கு ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. சும்மா இருக்க மனம் வராததால் 'ஐ.சி. 38' என்னும் ஏஜெண்ட் தேர்வை எழுதினேன். பத்தாம் வகுப்பு தேறியவர் எவரும் எழுதலாம். ஒருவர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றுக்கு ஒரே சமயத்தில் ஏஜெண்டாக இருக்கலாம் என்பது 2016-ஆம் ஆண்டு விதி. ஆகவே ஒன்றைத் தொட மற்றதை விட வேண்டியதில்லை. பழைய மெடிக்ளெய்ம் பாலிசிகளின் புதுப்பித்தலை இன்றும் கவனிக்கிறேன். புதிதாகச் செய்வது மட்டும் ஆயுள் காப்பீடு.

முதலில் அடிப்படை. நம் நாட்டில் ஆயுள் காப்பீடு 1956-இல் தேசியமயமாகி எல்.ஐ.சி. பிறந்தது. பொதுக் காப்பீடு 1973 முதல் நான்கு அரசு நிறுவனங்களின் கையில் வந்தது. அவை 1986-இல் கொண்டுவந்ததுதான் மெடிக்ளெய்ம். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் தனியார் நிறுவனங்களும் வந்தன. இன்று எல்லாவற்றையும் மேற்பார்வை செய்வது ஐதராபாத்தில் உள்ள காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்.

மெடிக்ளெய்ம் என்பது நஷ்ட ஈடு. ஆஸ்பத்திரி பில் எண்பதாயிரம் என்றால், பாலிசி ஐந்து லட்சத்துக்கு இருந்தாலும் எண்பதாயிரத்துக்கு மேல் வராது. இரண்டு பாலிசி வைத்திருப்பதால் ஒரே பில்லுக்கு இரண்டு மடங்கு கிடைக்காது. ஆயுள் காப்பீடு அப்படியல்ல. மனித உயிருக்கு பில் போட முடியாது. ஒப்புக்கொண்ட தொகை எதுவோ அது வரும். மூன்று பாலிசி இருந்தால் மூன்றும் வரும்.

அதனால் 'எவ்வளவுக்குப் போடுவது' என்ற கணக்கே மாறிவிடுகிறது. மெடிக்ளெய்முக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தால் போதும். ஆயுள் காப்பீட்டுக்குக் குடும்பத்தின் வரவு செலவைப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம். நாற்பது வயதுக்காரர், மாதச் செலவு 40,000 ரூபாய். பதினைந்து ஆண்டுக்கு 72 லட்சம். வீட்டுக் கடன் பாக்கி 25 லட்சம். பிள்ளைகளின் படிப்புக்கு 15 லட்சம். மொத்தம் 1 கோடியே 12 லட்சம். பிராவிடண்ட் ஃபண்டும் வங்கி இருப்புமாக 20 லட்சம் இருந்தால் அதைக் கழியுங்கள். 92 லட்சம் வருகிறது. விலைவாசி உயர்வையும் வட்டியையும் சேர்க்காத தோராயக் கணக்குதான் இது. ஆனால் பலர் ஐந்து லட்சத்துக்கு ஒரு பாலிசி எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அவர்கள் குடும்பத்துக்கு அது ஓராண்டுச் செலவு.

இரண்டாவது வேற்றுமை காலம். மெடிக்ளெய்ம் பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம். பிடிக்கவில்லை என்றால், 2011 அக்டோபர் முதல், வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். காத்திருந்த காலமும் கணக்கில் சேரும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2024-இல் குறைத்துவிட்டார்கள். ஆயுள் பாலிசியோ இருபது, முப்பது ஆண்டு பந்தம். இடையில் நிறுவனம் மாற்ற வழியில்லை. சேமிப்பு வகை பாலிசியை ஆரம்ப ஆண்டுகளில் நிறுத்தினால் கட்டிய பணத்தில் ஒரு பகுதி போய்விடும். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் படித்துப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்ற உரிமை உண்டு. அந்த முப்பது நாளில் பாலிசியைப் பிரித்துப் படிப்பவர் வெகு சிலரே.

மூன்றாவது, ஏஜெண்டின் வருமானம். இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். மெடிக்ளெய்மில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவு கமிஷன். நீண்ட காலம் அதன் உச்சவரம்பு 15 சதவீதம். ஆயுள் காப்பீட்டில் பழைய சட்டப்படி முதலாண்டு 35 சதவீதம் வரை, அடுத்த இரண்டாண்டு ஏழரை, அதன்பின் ஐந்து. 2023-இல் இந்த வரம்புகளை எடுத்துவிட்டு, நிறுவனங்களே தீர்மானிக்கலாம் என்றார்கள். ஆனாலும் முதலாண்டில் பெரிது, பிறகு சிறிது என்ற அமைப்பு மாறவில்லை.

இதன் விளைவைப் பாருங்கள். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கட்டும் இருபதாண்டு எண்டோமென்ட் பாலிசியில் காப்புத் தொகை சுமார் பத்து லட்சம் என்ற அளவில்தான் இருக்கும். புகை பிடிக்காத, ஆரோக்கியமான முப்பத்தைந்து வயதுக்காரருக்கு அந்த ஐம்பதாயிரத்தில் பாதிகூட இல்லாமல் ஒரு கோடிக்கு டெர்ம் பாலிசி கிடைக்கும். ஆனால் பிரீமியம் பெரிதானால் கமிஷனும் பெரிது. ஏஜெண்ட் எதை முதலில் எடுத்துக் காட்டுவார் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். டெர்ம் பாலிசியில் காலம் முடிந்தால் பணம் திரும்பாதே என்று கேட்பார்கள். மெடிக்ளெய்மிலும் திரும்புவதில்லை, அதற்காக யாரும் வருந்துவதில்லையே! இன்னொன்று: "கமிஷனில் பாதி எங்களுக்குத் தந்துவிடுங்கள்" என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. காப்பீட்டுச் சட்டம் 41-ஆம் பிரிவின்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.

நான்காவது வேற்றுமைதான் முக்கியமானது. மெடிக்ளெய்மில் பாலிசி எடுத்தவர் பெரும்பாலும் க்ளெய்ம் சமயத்திலும் இருக்கிறார். ஆஸ்பத்திரி கவுண்டரிலிருந்து எனக்குப் போன் செய்வார், சண்டை போடுவார், மறந்த காகிதத்தைத் தேடி எடுத்து வருவார். ஆயுள் காப்பீட்டில் கையெழுத்துப் போட்டவர் க்ளெய்ம் அன்று இருக்க மாட்டார். அவர் ஃபாரத்தில் எழுதியதற்கும் எழுதாமல் விட்டதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் மனைவி. ஆகவே மனைவி உடன் உட்காராமல் நான் ஃபாரம் நிரப்புவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு வீட்டில், உடல்நிலை பற்றிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் அந்த இளைஞர் "இல்லை, இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். உள்ளிருந்து காபியோடு வந்த அவர் மனைவி, "சார், இவர் ஆறு மாசமா பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறார். அதையும் எழுதிக்குங்க" என்றார். கணவர் முகம் சற்றுச் சுருங்கியது. மருத்துவப் பரிசோதனை நடந்தது. பிரீமியம் கொஞ்சம் கூடியது. ஆனால் அந்த ஒரு வரியால் பாலிசி உறுதியாகிவிட்டது.

காரணம் இதுதான். சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி, பாலிசி தொடங்கி மூன்று ஆண்டு முடிந்தபின் எந்தக் காரணம் காட்டியும் நிறுவனம் அதைக் கேள்வி கேட்க முடியாது. அதற்கு முன் மரணம் நேர்ந்தால் கேட்கலாம். மறைத்த விஷயம் வெளிப்பட்டால் க்ளெய்ம் மறுக்கப்படலாம். பிரீமியம் கட்டத் தவறிக் காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால் மூன்று ஆண்டுக் கணக்கு மறுபடி அன்றிலிருந்து தொடங்கும்.

வெளியூரில் வாழும் நமக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. ஒன்று, பெயர். நம் இனிஷியல் இங்குள்ளவர்களுக்குப் புரிவதில்லை. பள்ளிச் சான்றிதழில் 'ஆர். சுப்பிரமணியன்', பான் அட்டையில் 'சுப்பிரமணியன் ராமசாமி', வங்கியில் 'ராமசாமி சுப்பிரமணியன்' என்று மூன்று பேராக இருப்போம். மனைவிக்குத் தந்தை இனிஷியல் ஓரிடம், கணவர் இனிஷியல் வேறிடம். உயிரோடு இருக்கும்போது இதைச் சரிசெய்வது ஒரு நாள் வேலை. பிறகு அது மாதக்கணக்கில் அலைச்சல்.

இரண்டு, நாமினி. கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் தாயார் பெயர் இருக்கும்; அப்படியே விட்டிருப்போம். பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் பணத்துக்கு உரிமையாளரும் அவர்களே என்று 2015-இல் சட்டம் திருத்தப்பட்டது. யாருக்குச் சேர வேண்டும் என்று யோசித்து இன்றே பெயரை எழுதுங்கள். நாமினி மைனரானால் அவருக்காகப் பணம் வாங்கும் பெரியவர் ஒருவரையும் குறிப்பிட வேண்டும். கடன் உள்ளவர்கள், பாலிசி எடுக்கும்போதே 1874-ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் எடுத்தால், அது மனைவி மக்களுக்கு என்றே ஆகிவிடும்; கடன்காரர் பொதுவாக அதைத் தொட முடியாது.

மூன்று, விலாசம். திருச்சியில் எடுத்த எல்.ஐ.சி. பாலிசியை இங்குள்ள கிளைக்கு மாற்றிக்கொள்ளலாம். காலி செய்த குவார்ட்டர்ஸ் விலாசத்துக்குக் கடிதம் போய்க்கொண்டிருந்தால் யாருக்கு லாபம்? சம்பளப் பிடித்தத்தில் பிரீமியம் போகிறவர்கள் வேலை மாறும்போது பிடித்தம் நின்றுவிடும். சலுகைக் காலம் முப்பது நாள். மாதத் தவணைக்குப் பதினைந்தே நாள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகள் இரண்டுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டுவிட்டது.

ஏஜென்சி எடுக்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தாராளமாக எடுங்கள். ஆனால் அறுபது வயதில் நாம் விற்கும் முப்பதாண்டு பாலிசியின் முடிவைக் காண நாம் இருக்கப் போவதில்லை. மெடிக்ளெய்மில் ஆண்டுக்கொருமுறை வீட்டுக்குப் போவோம். விட்டுப்போனதை அப்போது சரிசெய்யலாம். இங்கே நமக்குப் பிறகும் அந்தக் குடும்பம் தானே சமாளிக்கும்படி காகிதம் இருக்க வேண்டும். அதனால் பாலிசி எண், நிறுவனம், கிளை, தொகை, நாமினி, பிரீமியம் போகும் வங்கி, மூலப் பத்திரம் இருக்கும் இடம் ஆகிய ஏழு விவரங்களை ஒரே தாளில் தமிழில் எழுதி வீட்டு அம்மாவிடம் கொடுக்கிறேன். ஒரு பிரதி ஊரிலுள்ள அண்ணன் தம்பிக்கோ மைத்துனருக்கோ போகட்டும் என்பேன்.

ஏஜெண்ட் வந்துதான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை பீரோவிலுள்ள பாலிசிக் கட்டை எடுத்து, மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீங்களே எழுதிவிடலாம். அரை மணி நேர வேலைதான்.