பாட்டே வராத கேசட்!
கடல் தாண்டி வரும் இசையும் காது கொடுக்கும் ரசிகர்களும்

சௌல்தாரி:

அந்தமானில் தமிழ்ப் பாட்டு கேட்பது ஒரு காலத்தில் காத்திருந்து பெறும் பொருளாக இருந்தது.

சென்னைத் துறைமுகத்தில் இருந்து போர்ட்பிளேருக்குக் கடல் வழியாகச் சுமார் 1,190 கிலோ மீட்டர். கப்பல் போய்ச் சேர மூன்று நாள் ஆகும். ஊருக்குப் போய், லீவு முடிந்து திரும்புகிறவரின் பெட்டியில் முறுக்கு, ஊறுகாய், புதுச் சேலையோடு நாலு கேசட்டும் இருக்கும். அந்தக் கேசட்டுகள் பஸ் ஏறி, பாக்கும் தென்னையும் சூழ்ந்த சௌல்தாரி போன்ற தெற்கு அந்தமான் ஊர்களுக்குப் போகும். ஒரு வீட்டில் பாடினால் நாலு வீட்டில் கேட்பார்கள். (போர்ட்பிளேருக்கு 2024-ம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது.)

அந்த நாலு கேசட்டில் ஒன்று ஏமாற்றிவிடும்!

அட்டையில் இளையராஜா பெயர் இருக்கும். ஆசையோடு டேப்ரிக்கார்டரில் போட்டால் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் குரலும் இல்லை, ஜானகி குரலும் இல்லை. ஒரு வயலின் பேசும். இன்னொன்று பதில் சொல்லும். கடைசி வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

"என்ன அண்ணே, பாட்டே வரலையே? கேசட்டு கெட்டுப் போச்சா?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

கேசட் கெட்டுப் போகவில்லை. அதுதான் 1986-ல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்'.

என்ன பெயர் வைப்பது?

'இதற்கு என்ன பெயர் வைப்பது?' என்பதே அந்தத் தலைப்பின் பொருள். கேட்கிறவர் கேட்க வேண்டிய கேள்வியை, இசை அமைத்தவரே அட்டையில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்.

1976-ல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் திரையுலகுக்கு வந்த இளையராஜா, பத்தே ஆண்டில் உச்சியில் இருந்தார். சினிமாப் பாட்டு என்றால் நாலைந்து நிமிடத்துக்குள் பல்லவி, சரணம் எல்லாம் முடிந்தாக வேண்டும். கதாநாயகனின் வாயசைப்புக்கும் பொருந்த வேண்டும். அந்தக் கட்டு எதுவும் இல்லாமல் அவர் செய்த தொகுப்பு இது.

இதை அவர் இரண்டு பேருக்குக் காணிக்கை ஆக்கினார். ஒருவர் திருவையாறு தியாகராஜ சுவாமிகள். மற்றவர் ஜெர்மனி நாட்டு இசை மேதை பாக். 1750-ல் பாக் காலமானார். தியாகராஜர் பிறந்தது 1767-ல். பதினேழு ஆண்டு இடைவெளியில் ஒருவரை ஒருவர் தவறவிட்ட இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் கேசட்டின் கதை.

'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்' என்று ஒரு உருப்படிக்குப் பெயர். பாக் தனி வயலினுக்காக எழுதிய ஒரு உருப்படி அதில் ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் நம் ஊர் வாசனையோடு வேறொரு இசை வந்து சேரும். அடுத்த உருப்படியின் பெயர் 'பிறகு நாங்கள் பேசிக்கொண்டோம்'. வந்த விருந்தாளியோடு திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல!

வயலின் வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன். கர்நாடக கமகமும் மேல்நாட்டு வில் வீச்சும் ஒரே கையில் வர வேண்டிய வேலை. ரசிகர்கள் இந்தத் தொகுப்பைப் பற்றிப் பேசும்போது இவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

பின்னல் கோலாட்டம்

இந்த இசை கஷ்டமானதா? முதல் தடவை கஷ்டம்தான். காரணம், நாம் ஒரே ஒரு குரலின் பின்னால் போய்ப் பழகியவர்கள். இங்கே இரண்டு, மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு வழியில் போகின்றன.

பின்னல் கோலாட்டம் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். உச்சியில் கட்டிய கயிறுகளை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு பெண்கள் சுற்றி வருவார்கள். ஒருத்தி உள்ளே போவாள், ஒருத்தி வெளியே வருவாள். ஒருத்தியை மட்டும் பார்த்தால் தடம் மாறுவதுபோலத் தெரியும். மேலே நிமிர்ந்து பார்த்தால் பின்னல் அழகாக விழுந்துகொண்டே இருக்கும்.

'பியூக்' என்று மேல்நாட்டார் சொல்லும் முறையும் அதுதான். ஒரு குரல் ஒரு அடியை எடுக்கும். அது முடிந்ததும் இரண்டாவது குரல் அதே அடியை வேறு சுருதியில் தொடங்கும். முதல் குரல் ஓயாது, எதிர்நடை போடும். பிறகு மூன்றாவது வரும். 'மேட் மோட் மூட் பியூக்' என்ற உருப்படியில் ராகமும் இந்தப் பின்னலும் சேர்ந்து வருகின்றன.

ஆகவே அனுபவப்பட்ட ரசிகர்கள் சொல்லும் வழி ஒன்றே. முதல் தடவை மேலே கேட்கும் வயலினை மட்டும் பிடி. அடுத்த தடவை அடியில் போகும் கனத்த நரம்புக் கருவியைப் பிடி. நாலாவது தடவை இரண்டும் தானாகச் சேரும். நாலைந்து தடவை கேட்ட பிறகு, இந்தக் கேசட்டை யாருக்கும் இரவல் கொடுக்க மனம் வராது!

இங்கிலாந்திலும் இதே கதை

இந்தப் பொறுமை நமக்கு மட்டும் உரியது அல்ல. 1970-களில் இங்கிலாந்தில் 'முற்போக்கு ராக்' என்ற இசை பரவியது. யெஸ், கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல் போன்ற குழுக்கள் சின்னப் பாட்டுகளை விட்டுவிட்டு நீண்ட உருப்படிகளைச் செய்தன. 1972-ல் ஜெத்ரோ டல் வெளியிட்ட ஒரு இசைத்தட்டில், இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே பாட்டு! தாளம் நடுவில் மாறும். போன இடத்துக்கே திரும்பி வரும். அவற்றையும் ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் தங்களுடையது ஆக்கிக் கொண்டார்கள்.

அதே காலத்தில் இங்கிலாந்து கிடார் கலைஞர் ஜான் மெக்லாலின் தொடங்கிய 'சக்தி' குழுவில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம் என்பது குறிப்பிடத்தக்கது. அந்தக் குழுவின் பிற்காலத் தொகுப்புக்கு 2024-ல் கிராமி விருது கிடைத்தது. அதில் கஞ்சிரா வாசித்தவர் அவர் மகன் செல்வகணேஷ்.

வீடு கட்டிய இசை

'இதெல்லாம் படித்தவர்கள், பணக்காரர்கள் கேட்பது' என்று ஒதுங்குகிறவர்கள் 'வீடு' படத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாலுமகேந்திரா இயக்கி 1988-ல் வெளிவந்த அந்தப் படத்தில் பாட்டே கிடையாது. ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண், வயதான தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டப் படும் பாடுதான் கதை. கடன் வாங்க வேண்டும், காண்டிராக்டர் ஏமாற்றுவார், பாதியில் வேலை நிற்கும். சம்பளக்காரர் எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாத கதை.

அந்தப் படத்துக்குப் பின்னணியாக வந்தது 'ஹவ் டு நேம் இட்' இசைதான். பாக்கையும் தியாகராஜரையும் நினைத்துச் செய்த வயலின் இசை, செங்கலும் சிமெண்டுமாக எழும்பும் வீட்டுக்குச் சரியாகப் பொருந்தியது. தாத்தா கட்டி முடியாத வீட்டைப் பார்க்க வரும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஊரில் ஒரு வீடு கட்டவே கடல் தாண்டி வந்தவர்களுக்கு, அந்த இசை யாருக்கு உரியது என்பதில் சந்தேகம் வராது.

கிளார்க் வாசித்த குழல்

1988-ல் இரண்டாவது தொகுப்பு வந்தது. பெயர் 'நத்திங் பட் விண்ட்'. 'காற்றன்றி வேறில்லை' என்று சொல்லலாம். புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. உடன் வாசித்தது பெரிய வாத்தியக் குழு.

அலகாபாத்தில் ஒரு மல்யுத்த வீரரின் மகனாகப் பிறந்த சௌராசியா, இளமையில் சுருக்கெழுத்தும் டைப்பும் கற்று ஆபீஸ் வேலை பார்த்தவர். 1957-ல் கட்டாக் வானொலியில் சேர்ந்த பிறகுதான் குழலே அவர் பிழைப்பு ஆயிற்று.

இளையராஜாவும் பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு பொதுக்கூட்ட மேடைகளில் ஊர் ஊராக வாசித்தவர். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை எழுதக் கற்றார். கஷ்டமான இசையைப் பிறக்கும்போதே யாரும் கையில் கொண்டு வருவதில்லை.

சொல் இல்லாததால் வந்த லாபம்

அந்தமானில் பல மொழிக்காரர்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்கிறார்கள். 2011 கணக்குப்படி, நூற்றுக்குச் சுமார் 28 பேர் வங்காளி, 19 பேர் இந்தி, 15 பேர் தமிழ், 13 பேர் தெலுங்கு. வெளியே எல்லோருக்கும் பொதுவாக இந்தி. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கும் பழைய பாட்டில் பல சொற்கள் விளங்குவதில்லை. அப்பாவுக்குக் கண் கலங்கும் இடத்தில் மகன், "அப்படின்னா என்னப்பா?" என்று கேட்பது பல வீட்டில் நடப்பது.

இந்த இரண்டு தொகுப்பிலும் அந்தக் கேள்விக்கே இடம் இல்லை. தமிழனும் வங்காளியும், அப்பாவும் மகனும், ஒரே அளவு புரிந்தவர்கள். ஒரே அளவு புரியாதவர்கள்.

முப்பத்திரண்டு ஆண்டு

1993-ல் இளையராஜா லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் குழுவுக்காக ஒரு சிம்பொனி எழுதினார். அது ரசிகர்கள் கைக்கு வரவே இல்லை. 2025 மார்ச் 8-ந் தேதி, தமது 81-வது வயதில், 'வேலியன்ட்' என்ற சிம்பொனியை அவர் லண்டனில் அரங்கேற்றினார். இடையில் ஓடியது 32 ஆண்டு. பழைய கேசட்டை வைத்துக்கொண்டே காத்திருந்தவர்கள் ஏராளம்.

அந்தமானில் கேசட்டை வைத்திருப்பதே ஒரு வேலை. இரண்டு பருவ மழையும் பெய்யும் மண். ஈரத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். துடைத்து, வெயில் படாத நிழலில் உலர்த்தி, மறுபடி சுற்றி வைக்க வேண்டும்.

2020 ஆகஸ்டில் சென்னையில் இருந்து கடலுக்கு அடியில் போட்ட கேபிள் இயங்கத் தொடங்கியது. மூன்று நாள் கப்பலில் வந்த இசை, இப்போது நினைத்த மாத்திரத்தில் செல்போனில் வருகிறது. கேசட்டை வெயிலுக்கும் மழைக்கும் காக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று மாறவில்லை. அன்று ஒரே கேசட்டை நூறு தடவை கேட்டதற்குக் காரணம், வேறு கேசட் இல்லாதது. இன்று நூறு பாட்டு இருக்கிறது. ஒன்றையும் இரண்டாம் தடவை கேட்க நேரம் இல்லை. இந்த இசையோ இரண்டாம் தடவை கேட்பவருக்குத்தான் கதவு திறக்கிறது.

வேலை முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்டு, விளக்கை அணைத்த பிறகு 'ஹவ் டு நேம் இட்' முதல் உருப்படியைப் போட்டுப் பார்க்கலாம். பாட்டு வரவில்லையே என்று தம்பி கேட்டால், "கொஞ்சம் பொறு, வரும்" என்று சொன்னால் போதும்.