கல்லூரிக் கணிப்பொறியில் ஒலியும் ஒளியும்

கல்லூரிக் கணிப்பொறி ஆய்வகம் என்றதும் நிரல் எழுதும் இடம், தேர்வுக்கு முன் செய்முறைப் பயிற்சி நடக்கும் இடம் என்ற எண்ணமே நம்மில் பலருக்கு எழுகிறது. ஆனால் அதே கணிப்பொறியைக் கொண்டு ஒரு குரலைப் பதிவு செய்யலாம். படங்களைக் கோத்து ஐந்து நிமிடக் குறும்படம் ஒன்றை ஆக்கலாம். இதற்கு விலையுயர்ந்த ஒலிப்பதிவுக் கூடமோ தனிப்பட்ட கருவிகளோ தேவையில்லை. ஒரு செல்போன், ஒரு சிறு மைக், ஒரு ஹெட்போன், ஆய்வகத்தில் சில மணி நேரம் ஆகியவை போதும்.

எனினும் ஓர் உண்மையை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். ஒலியும் ஒளியும் எண்களாக மாறிக் கணிப்பொறிக்குள் செல்லும் வழியில் சில வாயில்கள் உள்ளன. ஒவ்வொரு வாயிலிலும் சிறிது தகவல் இழக்கப்படுகிறது. அவ்வாறு இழந்ததைப் பிறகு எந்தக் கணிப்பொறியாலும் திருப்பித் தர இயலாது.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். இளமையில் வயலில் பாடிய நடவுப் பாட்டுகள் இன்றும் அவருக்கு நினைவில் உள்ளன. அவரைப் பாடச் செய்து குறும்படம் எடுக்க உங்கள் குழு முடிவு செய்கிறது. அந்தப் பாட்டை அவர் இன்னொரு முறை பாடுவார் என்பதற்கு உறுதி இல்லை. முதல் பதிவே கடைசிப் பதிவாகவும் அமைந்துவிடலாம். ஆகவே எந்த வாயிலில் எதை இழக்கிறோம் என்று முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லதன்றோ?

வளாகத்தில் பிறந்த கருவிகள்

கல்லூரி வளாகத்துக்கும் இத்துறைக்கும் உள்ள உறவு பழையது. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் காட்மல், ஃபிரெட் பார்க் என்ற இரு மாணவர்கள் 1972-இல் மனிதக் கை ஒன்றைக் கணிப்பொறியால் வரைந்து அசையச் செய்தனர். கணிப்பொறி அசைபட வரலாற்றில் அது ஒரு முதல் படி எனலாம். பிற்காலத்தில் பிக்சார் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் காட்மலும் ஒருவர்.

படங்களைத் திருத்த உதவும் 'கிம்ப்' என்ற மென்பொருளை 1995-இல் தொடங்கியவர்கள் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இரு மாணவர்கள். ஒலியைப் பதியவும் திருத்தவும் உலகெங்கும் பயன்படும் 'ஆடாசிட்டி' 1999-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரும் அவருடைய ஆய்வு மாணவரும் தொடங்கியது. நிகழ்படங்களைக் கோக்க 'கேடென்லைவ்' இருக்கிறது. இம்மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்குகின்றன. உங்கள் ஆய்வகப் பொறுப்பாளர் இசைந்தால் இவற்றைச் சிறிது நேரத்தில் நிறுவிவிடலாம்.

முதல் வாயில்: எத்தனை முறை அளப்பது?

பாட்டியின் குரல் காற்றில் அழுத்த ஏற்றத்தாழ்வாக வருகிறது. மைக் அதை மின்னழுத்த ஏற்றத்தாழ்வாக மாற்றுகிறது. இது தொடர்ச்சியானது. கணிப்பொறிக்குத் தெரிந்ததோ எண் மட்டுமே. ஆகவே சீரான கால இடைவெளியில் மின்னழுத்தத்தை அளந்து, அந்த அளவுகளை வரிசையாக எழுதிக்கொள்கிறது. நோயாளியின் காய்ச்சலை மணிக்கொரு முறை அளந்து அட்டையில் குறிப்பது போன்றதே இது.

எவ்வளவு விரைவாக அளக்க வேண்டும்? பதிய விரும்பும் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கும் மேலாக அளக்க வேண்டும் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி. நல்ல செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆகவே நொடிக்கு 40,000-க்கு மேல் அளக்க வேண்டும். 1982-இல் விற்பனைக்கு வந்த ஒலிக் குறுந்தட்டில் இது 44,100. இந்த விந்தையான எண் எங்கிருந்து வந்தது? ஒலியின் எண்களை அக்காலத்தில் நிகழ்பட நாடாவில் சேமித்தார்கள். நொடிக்கு 60 புலங்கள், புலத்துக்கு 245 வரிகள், வரிக்கு 3 எண்கள். மூன்றையும் பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். திரைப்பட, நிகழ்படப் பணிகளில் 48,000 வழக்கத்தில் உள்ளது. நம் குறும்படத்துக்கும் அதையே கொள்வோம்.

குறைவாக அளந்தால் என்ன ஆகும்? பழைய தொலைபேசி முறையில் நொடிக்கு 8,000 முறையே அளந்தார்கள். எனவே 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளுக்கு அதில் இடமில்லை. 'ஸ' போன்ற உரசொலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி அதற்கு மேல்தான் இருக்கிறது. தொலைபேசியில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல நேர்ந்ததன் காரணம் இதுவே.

இந்த எல்லையை மீறி உயர்ந்த அதிர்வெண்ணை உள்ளே விட்டால் இன்னொரு தொல்லை நேரும். 8,000 முறை அளக்கும்போது 7,000 ஹெர்ட்ஸ் ஒலி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியாக வேடமிட்டு வரும். திரைப்படத்தில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றுகிறதே, அதுவும் இதே விளைவுதான். இதைத் தடுக்க, பதிவுக் கருவிகளுக்குள் அளக்கும் முன்பே உயர் அதிர்வெண்களை நீக்கும் வடிப்பான் வைக்கப்பட்டிருக்கும்.

இரண்டாம் வாயில்: எத்தனை படிகள்?

ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுட்பமாகக் குறிப்பது என்பது அடுத்த கேள்வி. 8 பிட் என்றால் 256 படிகள். 16 பிட் என்றால் 65,536 படிகள். உண்மையான அளவு இரு படிகளுக்கு இடையே விழுந்தால் அருகிலுள்ள படிக்குத் தள்ளப்படும். இந்தச் சிறு பிழை நம் செவிக்கு இரைச்சலாகக் கேட்கும். ஒவ்வொரு பிட் கூடும்போதும் இந்த இரைச்சல் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். 16 பிட்டுக்கு மொத்தம் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. குரலுக்கு அது தாராளம்.

உச்சப் படியைத் தாண்டி ஒலி போனால் அங்கே எழுத எண்ணே இல்லை. அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். கரகரவென்று கேட்கும் அந்தச் சேதத்தை மாற்றவே இயலாது. ஆகவே பாட்டி பாடத் தொடங்கும் முன், அவரை உரத்த குரலில் ஓர் அடி பாடச் சொல்லி, மானியில் உச்சம் −12 முதல் −6 டெசிபலுக்குள் நிற்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். குறைவாகப் பதிந்ததைப் பிறகு பெருக்கிக்கொள்ளலாம். வெட்டுப்பட்டதை ஒட்ட முடியாது.

மைக்கை எங்கே வைப்பது?

இங்கே மின்னணுவியலை விட எளிய இயற்பியலே கைகொடுக்கிறது. நேரே வரும் ஒலியின் செறிவு, தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். மைக்கை 2 மீட்டர் தொலைவிலிருந்து 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் தொலைவு பத்தில் ஒன்றாகிறது. குரலின் செறிவு 100 மடங்காகிறது. அதாவது 20 டெசிபல் உயர்வு. மின்விசிறியின் இரைச்சலும் சுவரில் பட்டு வரும் எதிரொலியும் அப்படியே இருக்க, குரல் மட்டும் ஓங்கும். இவ்வளவு பயனைத் தரும் மென்பொருள் எதுவும் இல்லை.

கணிப்பொறி ஆய்வகத்தில் குரலைப் பதிய வேண்டாம். குளிர்பதனக் கருவியும் கணிப்பொறிகளின் விசிறிகளும் ஓயாது இரையும் இடம் அது. பாட்டியின் வீட்டிலேயே, துணிமணிகளும் பாய் தலையணைகளும் உள்ள அறையில் பதியுங்கள். அவை எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். பாட்டு முடிந்தபின் அறையின் வெறும் நிசப்தத்தையும் அரை நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். இரைச்சலைக் குறைக்கும்போது மென்பொருளுக்கு அது மாதிரியாகப் பயன்படும்.

படம் எவ்வளவு இடம் பிடிக்கும்?

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒலி நொடிக்கு 48,000 எண்கள், எண்ணுக்கு 2 பைட். ஆக நொடிக்கு 96,000 பைட். ஒரு நிமிடத்துக்கு 5.76 மெகாபைட். அரை மணி நேரப் பாட்டு முழுவதும் சுமார் 173 மெகாபைட்டில் அடங்கும். சுருக்காமலே வைத்துக்கொள்ளலாம்.

படத்தின் கதை வேறு. முழு உயர் தெளிவுப் படச்சட்டம் ஒன்றில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட். நொடிக்கு 25 சட்டங்கள். பெருக்கினால் நொடிக்கு 155 மெகாபைட்டுக்கு மேல் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 46.7 கிகாபைட்! ஆனால் அதே படத்தை நொடிக்கு 8 மெகாபிட் வீதத்தில் சுருக்கினால் சுமார் 300 மெகாபைட்டில் முடிந்துவிடும். நூற்றைம்பதில் ஒரு பங்கு. இது எப்படி இயலுகிறது?

மூன்றாம் வாயில்: சுருக்கும் கலை

இதன் அடிப்படைக் கணிதமும் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் பிறந்ததே. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். எண்களின் தொகுதி ஒன்றைக் கொசைன் அலைகளின் கூட்டாக மாற்றும் முறை அது. 1992-இல் வந்த ஜேபெக் படத் தரமும் பின்வந்த நிகழ்படத் தரங்கள் பலவும் இதன் மீதே எழுந்தன.

முறை இதுதான். படத்தை 8 × 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். கட்டத்தின் 64 எண்கள் வேறு 64 எண்களாக மாற்றப்படுகின்றன. அவற்றுள் முதலாவது, கட்டத்தின் சராசரி ஒளிர்வைக் காட்டும். மற்றவை ஒளிர்வு எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைக் காட்டும். மெல்ல மாறும் பகுதிகளைக் கண் நன்கு கவனிக்கும். மிக நுண்ணிய மாற்றங்களை அவ்வளவாகக் கவனிக்காது. எனவே நுண்ணியவற்றைக் குறிக்கும் எண்களில் பலவற்றைச் சுழியாக்கிவிடலாம். நிகழ்படத்தில் இன்னொரு சிக்கனமும் உண்டு. பாட்டியின் பின்னாலுள்ள சுவர் சட்டத்துக்குச் சட்டம் மாறுவதில்லை. ஆகவே மாறிய பகுதியை மட்டும் எழுதினால் போதும்.

சுழியாக்கிய எண் போனது போனதே. சுருக்கிய கோப்பைத் திறந்து, திருத்தி, மறுபடி சுருக்கிச் சேமித்தால் இழப்பின் மேல் இழப்பு சேரும். ஆகவே மூல ஒலியைச் சுருக்காத 'வேவ்' கோப்பாகவே வைத்திருங்கள். மூலப் படத்தைத் தொடாமல் அதன் நகலில் வேலை செய்யுங்கள். சுருக்குவது எல்லாம் முடிந்தபின், ஒரே ஒரு முறை.

ஆய்வகத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

பல ஆய்வகங்களில் கணிப்பொறியை நிறுத்தி மறுபடி இயக்கினால், அன்று சேமித்தவை அனைத்தும் அழியும்படி அமைத்திருப்பார்கள். வைரஸ் தொல்லைக்கு அஞ்சிச் செய்யும் ஏற்பாடு அது. எனவே எழுந்து போகுமுன் உங்கள் கோப்புகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். 'ஃபேட்32' முறையில் அமைந்த பென் டிரைவ், 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படம் எடுக்கும்போது விளக்குகளைக் கவனியுங்கள். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. சில குழல் விளக்குகளும் எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை மின்னி மங்கும். கேமராவின் திறப்பு நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடி என வைத்தால் படத்தில் பட்டைகள் ஓடா.

பழைய கணிப்பொறியில் உயர் தெளிவுப் படம் திக்கித் திக்கி ஓடினால் சோர்ந்துவிட வேண்டாம். சிறிய அளவிலான மாற்று நகலில் வெட்டி ஒட்டும் வேலையைச் செய்துவிட்டு, இறுதியில் மூலப் படத்திலிருந்தே ஆக்கித் தரும் வசதி கேடென்லைவில் உண்டு. இறுதியாக்கத்துக்கு ஆகும் நேரத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடப் படத்தில் 7,500 சட்டங்கள். கணிப்பொறி நொடிக்கு 10 சட்டம் ஆக்கினால் பன்னிரண்டரை நிமிடம் பிடிக்கும். மணியடிக்கும் நேரத்தில் தொடங்கினால் படம் பாதியில் நிற்கும்.

மீட்பா, ஊகமா?

மங்கிய படத்தைத் தெளிவாக்கும், கரகரத்த குரலைச் சீராக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இன்று வந்துவிட்டன. அப்படியானால் இழந்ததை மீட்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இவை ஆயிரக்கணக்கான பிற குரல்களையும் படங்களையும் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை. இழந்த இடத்தில் பொதுவாக என்ன இருக்கும் என்று ஊகித்து நிரப்புகின்றன. விளம்பரப் படத்துக்கு அது போதலாம். பாட்டியின் பாட்டில் ஒரு சொல் தெளிவில்லை என்றால், அந்த மென்பொருள் நிரப்பும் ஒலி அவருடையது ஆகாது. நாளை ஒருவர் அந்தப் பாட்டின் சொற்களை ஆராய வந்தால் ஊகத்தையே சான்றாகக் கொள்ள நேரும்.

ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். ஆடாசிட்டியில் "சரஸ்வதி பஸ்ஸில் வந்தாள்" என்ற வாக்கியத்தை 48,000 வீதத்தில் ஒரு முறையும் 8,000 வீதத்தில் ஒரு முறையும் பதிந்து, ஹெட்போனில் கேளுங்கள். பின் மைக்கை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து மீண்டும் பதியுங்கள். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. மூன்று பதிவுகளின் வேறுபாட்டையும் உங்கள் செவியே சொல்லும். அதன்பின் பாட்டியிடம் சென்று, எதற்காகப் பதிகிறீர்கள், யாருக்குக் காட்டுவீர்கள் என்று விளக்கி, அவருடைய இசைவைப் பெற்றுப் பதிவைத் தொடங்குங்கள்.