சிலந்தி பின்னாத ஒட்டடை

தீப்பிடித்து அணைந்த வீட்டுக்குள் முதன்முதலாக நுழைபவர்கள் கூரை மூலைகளைப் பார்த்து ஏமாந்துபோவது உண்டு. கருகருவென்று கயிறு கயிறாக ஒட்டடை தொங்கும். எத்தனை வருஷமாக அடிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று தோன்றும். அது ஏற்கெனவே சாமான் அடைசலுக்குப் பேர்போன வீடாக இருந்துவிட்டால் சந்தேகமே வராது. ஆனால் தீப்பிடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்புவரை அந்த மூலை துடைத்து வைத்ததுபோல் இருந்திருக்கலாம். அங்கே எந்தச் சிலந்தியும் வேலை செய்யவில்லை. அது புகை தானே திரித்த நூல்.

சோபாவின் நுரைப் பஞ்சு, பிளாஸ்டிக் வாளி, பாலியெஸ்டர் துணி போன்றவை போதிய காற்றில்லாமல் எரியும்போது கரித்துகள்கள் கிளம்புகின்றன. ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு சிறியவை. இவை ஒன்றோடொன்று மோதினால் விலகிப் போவதில்லை, ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டி ஒட்டிச் சங்கிலியாகி, சங்கிலிகள் பின்னிக்கொண்டு, காற்றோட்டம் இல்லாத மூலைகளில் தொங்கத் தொடங்குகின்றன. ஊதினால் அறுந்துவிடும்.

அதே வீட்டில் இன்னொரு வேடிக்கையும் இருக்கும். மரச்சட்டம் அடித்து, அதன்மேல் ஜிப்சம் பலகை பொருத்தி, பூசி, வண்ணமடித்த சுவர். ஆணிகள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்க வேண்டியவை. தீக்குப் பிறகு ஒவ்வொரு ஆணித்தலையும் கறுப்புப் பொட்டாக வெளியே தெரியும். சில வீடுகளில் சுவருக்குள் இருக்கும் சட்டங்கள்கூடக் கோடுகோடாகத் தெரியும், எக்ஸ்-ரே படத்தில் விலா எலும்பு தெரிவதுபோல. காரணம் வெப்பம். புகைத்துகளின் சூடான பக்கத்தில் இருக்கும் காற்று மூலக்கூறுகள் வேகமாக மோதுகின்றன, குளிர்ந்த பக்கத்தில் இருப்பவை மெதுவாக மோதுகின்றன. ஆகவே துகள் எப்போதும் குளிர்ச்சியான இடத்தை நோக்கித் தள்ளப்படுகிறது. ஆணி உலோகம், சுற்றியுள்ள பலகையைவிடக் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். அந்தக் கொஞ்சம் போதும்.

இதனால்தான் சமையலறையில் பிடித்த தீயின் புகை, எரியாத படுக்கையறையில், மூடிய அலமாரிக்குள், இழுப்பறையின் அடியில், சுவிட்சுப் பெட்டியின் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. குளிர்ந்த இடத்தைத் தேடிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். ‘தீ இந்த அறைக்கு வரவே இல்லை’ என்று வீட்டுக்காரர் சொல்வது உண்மை. புகையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை என்பதும் உண்மை.

இப்படிப்பட்ட வீட்டுக்குக் குடும்பங்கள் திரும்பி வருவது அமெரிக்காவில் அரிதல்ல. காப்பீடு இருக்காது, இருந்தாலும் போதாது. வாடகை கட்டிக்கொண்டு எத்தனை மாதம் வெளியே இருப்பது? மைத்துனரும் நண்பரும் சேர்ந்து கூரை ஓட்டையைத் தார்ப்பாயால் மூடுவார்கள், எரிந்த இடத்தில் புதுப் பலகை அடிப்பார்கள், கறுத்த சுவரில் இரண்டு கோட்டிங் வெள்ளை அடிப்பார்கள், மின்சாரம் வரும் ஓர் அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை மற்ற அறைகளுக்கு இழுப்பார்கள். கண்ணுக்கு வீடு சரியாகிவிடும்.

அந்த வெள்ளைக்குப் பின்னால் இருக்கும் பலகையைக் கொஞ்சம் கவனிக்கலாம். ஜிப்சம் பார்க்கத்தான் கல். எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். கால்சியம் சல்பேட் படிகத்துக்குள் நீர் மூலக்கூறுகள் பூட்டப்பட்டிருக்கின்றன. தீ சுடச்சுட அந்த நீர் ஆவியாகிக்கொண்டே வரும். அது தீரும்வரை பலகையின் பின்பக்கம் ஏறக்குறைய 100 டிகிரியைத் தாண்டாது. அடுப்பில் வைத்த பாத்திரம் உள்ளே தண்ணீர் இருக்கும்வரை கருகாத அதே கதை. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தவரைச் சுவருக்குள் இருந்த தண்ணீர் காப்பாற்றியிருக்கிறது. நம் ஊர் அலுவலகங்கள் பலவற்றின் ஃபால்ஸ் சீலிங்கிலும் இருப்பது இதே ஜிப்சம்தான். ஆனால் தண்ணீரைக் கொடுத்துவிட்ட பலகை பழைய பலகை அல்ல. உள்ளே மாவாகியிருக்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். அதன்மேல் அடித்த வெள்ளை, சுண்ணாம்புப் பொடிமேல் போட்ட கோலம்போல.

வயர் விஷயம் இதைவிட மோசம். வீட்டு வயரின் மேலுறை பெரும்பாலும் பிவிசி. சாதாரணமாக அது தாங்க வேண்டிய சூடு 70 முதல் 90 டிகிரிதான். அதை வளைந்து கொடுக்க வைக்கும் எண்ணெய்ப் பொருள், சூடு ஏறினால் வெளியேறிவிடும். பிறகு உறை விறைத்து, வெடிப்பு விடும். எரியாத சுவருக்குள்ளும் இது நடந்திருக்கலாம். எரிந்த பிவிசி இன்னொரு காரியமும் செய்கிறது. அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரியும்போது அது ஹைட்ரஜன் குளோரைடாக வெளிவந்து, ஈரத்தில் கலந்து, நாம் கழிவறை கழுவ வாங்கும் ஆசிட்டாகவே மாறிவிடும். தீயணைப்புக் குழாயோ நிமிடத்துக்குச் சில நூறு லிட்டர் கொட்டியிருக்கிறது, ஈரத்துக்குக் குறைவில்லை. தீயே படாத குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் சில வாரங்களில் துருப்பிடிப்பதும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சி திடீரென்று உயிரைவிடுவதும் இதனால்தான்.

இதுவரை சொன்னது எந்த வீட்டுக்கும் பொருந்தும். கழுத்தளவு சாமான் அடைந்த வீட்டில் கணக்கே வேறு.

நியூயார்க் தீயணைப்புப் படையினரிடம் ‘காலியர் மாளிகை’ என்றொரு சொல் உண்டு. ஹார்லெம் பகுதியில், ஐந்தாம் அவென்யூவில், ஹோமர், லாங்லி என்ற காலியர் சகோதரர்கள் வாழ்ந்த வீட்டிலிருந்து வந்தது. 1947 மார்ச்சில் ஹோமர் இறந்து கிடந்ததைப் போலீஸ் கண்டுபிடித்தது. லாங்லியைக் காணவில்லை என்று ஊரெல்லாம் தேடினார்கள். இரண்டு வாரத்துக்கும் மேலாகச் சாமான்களை அள்ளிக் கொட்டிய பிறகு, அண்ணன் கிடந்த இடத்திலிருந்து சுமார் பத்தடி தூரத்தில், சரிந்து விழுந்த குவியலுக்கு அடியில் தம்பி கிடந்தார். வெளியே எடுத்த சாமான் நூறு டன்னுக்கு மேல். அந்த வீட்டில் தீப்பிடிக்கவில்லை. ஆனாலும் இன்றுவரை, உள்ளே நுழைய வழியில்லாதபடி குவிந்த வீட்டைப் பார்த்தால் அந்தப் படையினர் சொல்லும் பெயர் அதுதான். 

இப்படிச் சாமான் குவிக்கும் பழக்கத்துக்கு நம் மொழியில் சரியான சொல் இல்லை. ‘பதுக்கல்’ என்றால் விலை ஏறட்டும் என்று அரிசி மூட்டையை மறைத்து வைக்கும் வியாபாரி நினைவுக்கு வருகிறார். இவர்கள் விற்கச் சேர்ப்பவர்கள் அல்ல, விட முடியாதவர்கள். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனியொரு நோயாகவே தன் கையேட்டில் சேர்த்தது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் தீயணைப்புத் துறை 2009இல் பத்தாண்டுப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தது. சாதாரண வீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு தீ, பிடித்த அறைக்குள்ளேயே அடங்கிவிட்டது. குவிந்த வீடுகளில் அடங்கியது நாற்பதுதான். மொத்த வீட்டுத் தீயில் இப்படிப்பட்ட வீடுகளின் பங்கு 0.25 சதவீதம், தவிர்த்திருக்கக்கூடிய தீச்சாவுகளில் 24 சதவீதம்.

எரிபொருள் கணக்கு எளிது. மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவான பழைய செய்தித்தாள், ஒரு கிலோ மண்ணெண்ணெய் தரும் வெப்பத்தைத் தரும். ஆனால் கட்டுக்கட்டாக இறுக்கி அடுக்கிய தாள் மண்ணெண்ணெய்போல் குப்பென்று எரிவதில்லை. இடையில் காற்று இல்லை. ஓரம் கருகும், நடுப்பக்கம் பிழைத்துக்கொள்ளும். தீக்குப் பிறகு கட்டைப் பிரித்தால் விளிம்பு மட்டும் கரியாகி, நடுவில் எழுத்துகள் பளிச்சென்று படிக்கிறபடி இருக்கும். உள்ளே கனல் பல மணி நேரம் புகைந்துகொண்டிருக்கவும் முடியும். அதனால்தான் அணைத்த பிறகும் குவியலைக் கிளறிக் கிளறி நனைக்கிறார்கள். நனைந்த தாள் கனத்து, ஊதி, மரத்தரையை அழுத்தும். இரண்டு நாள் ஈரம் நின்றால் பூஞ்சை கிளம்பிவிடும். 

வீட்டுக்காரர் கண்ணில் படுவது அந்தப் பளிச்சென்ற நடுப்பக்கம். ‘உள்ளே நல்லாத்தானே இருக்கு’ என்கிறார். அவரைப் பிடிவாதக்காரர் என்று திட்டுவதற்கு முன் ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். கனெக்டிகட் மாநிலத்தில் டேவிட் டோலின் குழு 2012இல் வெளியிட்டது. குவிக்கும் பழக்கம் உள்ளவர்களைத் தங்கள் வீட்டுக் காகிதங்களோடு வரச்சொல்லி, மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து, ஒவ்வொன்றாக ‘வைப்பதா, கிழிப்பதா’ என்று கேட்டார்கள். கிழிக்கச் சொன்னது உண்மையிலேயே கிழிக்கப்பட்டது. பிறருடைய காகிதம் வந்தபோது, முன் சிங்குலேட், இன்சுலா என்ற இரண்டு பகுதிகளும் மற்றவர்களைவிட மந்தமாகவே இருந்தன. தன்னுடைய காகிதம் வந்ததும் அதே பகுதிகள் அளவுக்கு மீறித் துடித்தன. எது முக்கியம், எது ஆபத்து, எது தவறாகப் போகிறது என்று எடைபோடும் இடங்கள் அவை. ஒரு பழைய ரசீதுக்காக அந்த எச்சரிக்கை மணி அடிக்கும்போது, தீயில் பிழைத்து வந்த ரசீதுக்கு எப்படி அடிக்கும்!

இனி நாற்றத்துக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் வியப்பானது இந்தப் பகுதிதான்.

2021 டிசம்பர் 30 அன்று கொலராடோவில், மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றில், மார்ஷல் தீ என்று பின்னால் பெயர்பெற்ற தீ லூயிஸ்வில், சுப்பீரியர் ஊர்களுக்குள் புகுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. எரியாமல் நின்ற வீடுகளுக்கு மக்கள் திரும்பினார்கள். ஜன்னல் விளிம்பெல்லாம் சாம்பல், உள்ளே நாற்றம். கொலராடோ பல்கலைக்கழக வேதியியலாளர்கள் அப்படி ஒரு வீட்டில் கருவிகளை வைத்து அளந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் புகை வாயுக்கள் சட்டென்று குறைந்தன. மூடினால் மறுபடி ஏறின. வெளிக்காற்றின் அளவுக்கு இறங்கச் சுமார் ஐந்து வாரம் ஆயிற்று. புகை எப்போதோ போய்விட்டது. பிறகு நாற்றம் எங்கிருந்து வருகிறது?

விடை மேரிலாந்தில் கிடைத்தது. கெய்தர்ஸ்பர்கில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்குச் சொந்தமான ஒரு சோதனை வீடு உண்டு. யாரும் குடியில்லாத முழு வீடு. 2022இல் அதற்குள் பைன் மரப் புகையை விட்டுப் பார்த்தார்கள். 2023 அக்டோபரில் முடிவு வெளிவந்தது: புகையின் வாயுக்களில் பெரும்பகுதி சுவரிலும் தரையிலும் ஒட்டிக்கொள்கிறது, பிறகு நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலக்கிறது. காற்றுச் சுத்திகரிப்பான் ஓடும்வரை அளவு குறைகிறது. நிறுத்தியதும் பழையபடி ஏறுகிறது. நிலைத்த பலன் தந்தது எது தெரியுமா? தூசி உறிஞ்சி, துணியால் துடைத்து, தரையைத் துடைப்பானால் கழுவியது. நம் பாட்டிமார் செய்ததேதான்.

ஆக, நாற்றத்தின் அளவு வீட்டுக்குள் புகை ஒட்டக்கூடிய மேற்பரப்பைப் பொறுத்தது. இங்கே ஒரு சின்னக் கணக்கு. செய்தித்தாள் ஒரு சதுர மீட்டர் 50 கிராமுக்குள் இருக்கும். ஒரு கிலோவை விரித்தால் 20 சதுர மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்தால் 40. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையின் நான்கு சுவர்களும் சேர்ந்து ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு கிலோ தாளில் ஓர் அறையின் சுவர் அத்தனையும் மடிந்து கிடக்கிறது. அடுக்கின் உள்பக்கங்களுக்குப் புகை மெதுவாகத்தான் போகும் என்றாலும், வெளியே வருவதும் அதே மெதுவில்தான். இனி அந்த அறையில் ஒரு டன் தாள், அதன்மேல் துணிமூட்டைகள், அதன்மேல் பஞ்சு மெத்தைகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுவரை எத்தனை முறை கழுவினாலும், கழுவியது வீட்டின் ஒரு மூலையைத்தான். வெயில் ஏறினாலும் காற்றில் ஈரம் கூடினாலும் ஒட்டியிருந்த மூலக்கூறுகள் கிளம்பும். குளிர்காலத்தில் குடியேறி, ‘நாற்றம் போய்விட்டது’ என்று நிம்மதியாக இருந்தவர்கள் ஜூலையில் திகைப்பது இதனால்.

சுவரில் அடித்த சாதாரண வெள்ளை ஏன் போதவில்லை என்பதும் இங்கேதான் புரிகிறது. நீர்கலந்த பெயின்ட் காய்ந்தாலும் அதில் நுண்துளைகள் உண்டு. கறை மஞ்சளாகக் கசியும், மணமும் கசியும். தீப்பட்ட வீடுகளைச் சீர்செய்யும் தொழிலாளர்கள் முதலில் காய்ந்த ரப்பர் பஞ்சால் கரியை இழுத்தெடுப்பார்கள். ஈரத்துணி பட்டால் கரி எண்ணெய்போல் பரவி அப்பிக்கொள்ளும். கழுவிக் காயவிட்டு, அதற்குப் பிறகு அவர்களில் பலர் அடிப்பது ஷெல்லாக். பெயர் அந்நியமாகத் தெரிந்தாலும் பொருள் நம்முடையது: அரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் பலாச மரத்திலும் இலந்தையிலும் சாறு குடிக்கும் சிறு பூச்சிகள் தங்களை மூடிக்கொள்ளச் சுரக்கும் பிசின். அதைச் சாராயத்தில் கரைத்துப் பூசினால், சாராயம் பறந்ததும் வாசனைகூடத் தாண்ட முடியாத இறுக்கமான படலம் நிற்கும். கடிதத்துக்கு முத்திரை வைத்த அதே வேலை. பாண்டவர்களை எரிக்க வாரணாவதத்தில் கட்டிய மாளிகையும் அரக்குதான். எரிவதற்கென்று வீட்டில் சேர்த்த பொருள், எரிந்த வீட்டின் நாற்றத்தைப் பூட்டப் போயிருக்கிறது.

கரியை எடுக்காமல் அதன்மேலேயே அடித்தால் அரக்கும் உரிந்து வந்துவிடும். சாம்பிராணி போடுவது புகைக்குமேல் புகை.

திரும்பி வந்தவர்களுக்கு உள்ள பெரிய சிக்கல் அவர்களுடைய மூக்கு. மாறாத மணத்தை அது கொஞ்ச நேரத்திலேயே கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். வாசலில் பார்சல் கொடுக்க வந்தவருக்குத் தெரிவது, உள்ளே படுத்திருப்பவருக்குத் தெரியாது. அரை நாள் வெளியே இருந்துவிட்டுக் கதவைத் திறக்கும்போது, அந்த முதல் ஒரு நிமிடம் மூக்கு மறுபடி புதிதாக வேலை செய்யும். அப்போது முகர வேண்டியது வெள்ளையடித்த சுவரை அல்ல. நேராக உள்ளே போய், தீ வராத அறையில், மூடியே இருந்த இழுப்பறையைத் திறந்து, மடித்து வைத்த துணியில் கீழிருந்து இரண்டாவதை எடுத்துப் பார்க்க வேண்டும்.