குற்றம் மண்ணிலா?

ஓய்வுபெற்ற கால்நடை வைத்தியன் நான். சென்ற மாரியில் மன்னார்ப் பெருநிலத்தே ஒரு செம்மறிப் பட்டியைக் கண்டேன். காலபோக விதைப்பு முடிந்தால் கட்டுக்கரைக் குளத்து வயல்களில் ஆடுமாடுகளுக்கு இடமேது? எஞ்சிய மேட்டுத் திடல்களிலேதான் அவை நெருங்கி ஒதுங்குகின்றன. அங்கே சில மறிகள் முன்னங்கால்களை மடித்து, முழந்தாளில் ஊன்றி மேய்ந்துகொண்டிருந்தன. தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கு அவை வணங்குவதுபோலத் தோன்றும். உண்மையில் நிற்கவொண்ணாத நோவு அது.

"மண் சரியில்லை, டொக்டர். நாளைக்குப் பட்டியை வேறை திடலுக்குக் கொண்டுபோறன்" என்றார் பட்டிக்காரப் பெரியவர்.

ஒரு மறியின் காலைத் தூக்கினேன். விரலிடை வெந்து, குளம்பு சதையினின்று கழன்றிருந்தது, நாற்றமோ சொல்லுந்தரமன்று. குளம்பழுகல் நோய்! அதன் பற்றீரியாவை 1941இல் ஆஸ்திரேலியாவில் இனங்காட்டியவர் பெவரிட்ஜ். குளம்பின் வெடிப்பினுள் நெடுங்காலம் மறைந்துறையும் அக்கிருமி, வெறும் மண்ணில் இரண்டு வாரத்துக்குமேல் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஈரம் அதற்கு வாயிலைத் திறக்கிறதேயன்றி, அதனைப் பிறப்பிப்பதில்லை. பெரியவர் விட்டுச்செல்லும் திடல் தானே தூய்மையாகிவிடும். புதிய திடலுக்கு நோய் நடந்தே போய்ச்சேரும்!

நொண்டுவனவற்றைப் பிரித்துக் கட்டுமாறும், நூற்றுக்குப் பத்துப்பங்கு நாக சல்பேற்றுக் கரைசலில் குளம்புகளை நனைக்குமாறும் சொன்னேன். மயில்துத்தத்தை நாடுவோரும் உளர். செம்மறி அதைக் குடித்துவிட்டால் செம்பே நஞ்சாகும். நேபாளத்து மலைமந்தைகளில் 1990களில் அவ்விடத்துக் கிருமி வகைக்கென்றே ஆக்கிய தடுப்பூசி கொடிய நோயை ஒழிக்க உதவிற்று.

"புதிதாக ஏதும் வாங்கினீர்களோ?" என்று கேட்டேன்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. "ஐப்பசியிலை ஒரு கிடாய் வாங்கினனான். அதுதான் முதலிலை நொண்டினது" என்றவர், கயிற்றை எடுத்துக்கொண்டு எழுந்தார்.