வியர்வை அரும்பும்போது எழும் தடிப்பு

தோல்நோய்ப் பிரிவுக்கு வரும் இளைஞர் சிலர் ஏறத்தாழ ஒரே குறையைக் கூறக் கேட்கிறோம். விரைந்து நடந்தாலும், மாடிப்படி ஏறினாலும், வெந்நீரில் குளித்தாலும் உடலெங்கும் ஊசி குத்துவது போன்ற உணர்வு. அதைத் தொடர்ந்து பொடிப்பொடியாகத் தடிப்புகள். தாங்க முடியாத அரிப்பு. ஆயினும் மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் தோல் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமையால், விளையாட்டு வகுப்பைத் தவிர்க்கச் சொல்லும் சாக்கு என்று வீட்டாரும் ஆசிரியரும் எண்ணிவிடுவதுண்டு. இது சாக்கு அன்று. 1924ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் டியூக் விவரித்த நோய் இது. மருத்துவர்கள் இதனைக் கோலினெர்ஜிக் அர்ட்டிகேரியா என்பர்; உடல் வெப்பம் உயர்வதால் தோன்றும் காணாக்கடி எனலாம்.

உடலில் நிகழ்வது என்ன?

உடலின் உட்புற வெப்பநிலை சற்றே உயர்ந்ததும், வியர்வைச் சுரப்பிகளை இயக்குமாறு நரம்புகள் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகின்றன. இந்நோய் உடையவர்களுக்கு இந்நிலையில் தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் கிளர்ந்து ஹிஸ்டமினை வெளிவிடுகின்றன. அரிப்பும் தடிப்பும் அதன் விளைவே. சிலருக்குத் தம் வியர்வையே ஒவ்வாமையை உண்டாக்குகிறது. வேறு சிலருக்கு வியர்வை போதிய அளவு சுரப்பதில்லை. உடற்பயிற்சி, வெந்நீர்க் குளியல், வெயில் ஆகியவற்றோடு காரமான உணவு, கோபம், தேர்வு நேரப் பதற்றம் ஆகியவையும் தூண்டுகோலாகலாம்.

தடிப்புகள் பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவே இருக்கும். சுற்றிலும் தோல் சிவந்து காணப்படும். தூண்டப்பட்ட சில நிமிடங்களில் தோன்றி, பொதுவாக ஒரு மணி நேரத்திற்குள் மறையும். கோடையில் பலருக்கும் வரும் வேர்க்குருவோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வேர்க்குரு, வியர்வை நாளங்கள் அடைபடுவதால் வருவது; நாள்கணக்கில் நிற்கும்.

கண்டறியும் முறை

தடிப்பு எழும்போதே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். எப்போது வந்தது, அதற்குமுன் என்ன செய்தீர்கள், என்ன உண்டீர்கள், எந்த மாத்திரை உட்கொண்டீர்கள், எத்தனை நிமிடம் நீடித்தது என்பவற்றையும் குறித்து வாருங்கள். பல நேரங்களில் இக்குறிப்பே நோயை அடையாளம் காட்டிவிடும். தேவைப்படின், மருத்துவர் முன்னிலையில் பயிற்சி மிதிவண்டியை மிதிக்கச் செய்து தடிப்பு எழுகிறதா எனப் பார்ப்பதுண்டு. இதனை வீட்டில் தாமாகச் செய்து பார்க்க வேண்டாம். இந்நோயை உறுதிசெய்யும் தனி இரத்தப் பரிசோதனை இல்லை. எனவே, பல உணவுப் பொருள்களுக்கான ஒவ்வாமைப் பரிசோதனைகளைத் தாமாகச் செய்துகொண்டு பணத்தை இழக்க வேண்டாம்.

மருந்துகள்

செட்ரிசின், ஃபெக்ஸோஃபெனாடின், பிலாஸ்டின் போன்ற, உறக்கத்தை அதிகம் தூண்டாத ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகளே முதல் மருந்து. தடிப்பு வந்தபின் விழுங்குவதைவிட, மருத்துவர் கூறியபடி நாள்தோறும் உட்கொள்வதே பயன் தரும். வழக்கமான அளவு போதாதபோது அதனை நான்கு மடங்கு வரை உயர்த்தலாம் எனச் சிகிச்சை வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ஆயினும் அம்முடிவை மருத்துவரே எடுக்க வேண்டும். இவற்றுக்கும் அடங்காத நிலையில் ஒமாலிசுமாப் ஊசி சிலருக்குப் பலனளிக்கிறது. குளோர்பெனிரமின் போன்ற பழைய மாத்திரைகள் உறக்கத்தைத் தருவன; அவற்றை உட்கொண்டு வண்டி ஓட்டலாகாது.

உடற்பயிற்சியை விட்டுவிட வேண்டுமா?

இந்நோயின் பெரிய இழப்பு அரிப்பு அன்று, அச்சமே. தடிப்புக்கு அஞ்சி விளையாட்டையும் நடையையும் நண்பர் கூட்டத்தையும் துறந்தவர்களைக் காண்கிறோம். பெரும்பாலோர்க்கு அத்தகைய துறவு தேவையில்லை. ஒருமுறை தடிப்பு எழுந்து அடங்கியபின், சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை அது மீண்டும் எளிதில் எழுவதில்லை. இவ்வியல்பைப் பயன்படுத்தி, மருத்துவர் மேற்பார்வையில் நாள்தோறும் சிறிது சிறிதாக உழைப்பைக் கூட்டி வியர்க்கச் செய்வதால் சிலருக்குத் தொல்லை குறைகிறது. முன்பு கடுமையான எதிர்வினை ஏற்பட்டவர்கள் இதில் இறங்கலாகாது.

அதிகாலையிலோ வெயில் தணிந்த பின்போ நடங்கள். தளர்வான பருத்தி ஆடை அணியுங்கள். வெதுவெதுப்பான நீரையும் தவிர்த்துச் சாதாரண நீரில் குளியுங்கள். தடிப்பு எழத் தொடங்கினால் உடனே நின்று, நிழலில் அமர்ந்து, ஈரத்துணியால் உடலைத் துடையுங்கள், சொறியாதீர்கள். வியர்வை சரிவரச் சுரக்காதவர்கள் கத்திரி வெயிலில் உழைப்பது ஆபத்து. அவர்களுக்கு வெப்பத் தாக்கு எளிதில் நேரலாம்.

உடனே உதவி நாட வேண்டிய நிலை

உதடு, நாக்கு, கண்ணிமை வீங்குதல், குரல் மாறுதல், மூச்சு இரைத்தல், தலைசுற்றி மயங்குதல், தொடர்ந்து வாந்தி எடுத்தல் ஆகியவை தடிப்போடு சேர்ந்து தோன்றினால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. ஒரு நிமிடமும் தாழ்த்தாது 108 ஆம்புலன்சை அழையுங்கள். நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். இந்நிலையில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசியே. ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது.

சிலருக்குக் கோதுமை, இறால் போன்றவற்றை உண்டபின் உடற்பயிற்சி செய்தால் மட்டும் இத்தகைய எதிர்வினை நேர்வதுண்டு. ஆகவே உணவுக்குப் பிந்தைய பயிற்சியின்போது கடுமையான தொல்லை வந்திருப்பின் அதனை மருத்துவரிடம் தவறாது கூறுங்கள். அத்தகையோர் தனியே ஓடவோ நீந்தவோ வேண்டாம்.

குடும்பத்தாருக்கு

பலருக்கு இந்நோய் ஆண்டுகள் செல்லச் செல்லத் தணிகிறது. அதுவரை அவர்களுக்குத் தேவை, தம்மை நம்பும் வீடு. இது தொற்றுநோய் அன்று. தூய்மைக் குறைவால் வருவதும் அன்று. மருத்துவரிடம் ஒரு சான்று பெற்றுப் பள்ளி ஆசிரியரிடம் கொடுங்கள்: விளையாட்டிலிருந்து முற்றும் விலக்கு வேண்டாம், இடையே நின்று இளைப்பாறும் அனுமதியே வேண்டும் என எடுத்துரையுங்கள். அடுத்த முறை தடிப்பு எழும்போது, "ஏன் இப்படி?" என வினவுவதற்கு முன் மின்விசிறியைப் போட்டு, ஈரத்துணி ஒன்றைக் கையில் கொடுங்கள்.