கணிப்பொறி இயங்காவிடத்துச் செய்யத்தக்கன

மேசைமேல் வைத்து வழங்கும் கணிப்பொறி ஒன்று, நேற்று மாலைவரை குறைவின்றித் தொழில்புரிந்து, இன்று காலை விசையை அழுத்தியபொழுது ஒலியும் ஒளியுமின்றிக் கிடக்குமாயின், அதனை உடையார் மனங் கலங்குதல் இயல்பே. தேர்வுக் காலத்தில் இது நேரின் கலக்கம் இருமடங்காகும். ஓராண்டு உழைத்து எழுதிய கட்டுரை அப்பெட்டியினுள் அடங்கியிருத்தலும், வேறொரு பொறி வாங்குதற்குக் கையிற் பொருளின்மையும் மாணவர் பலர்க்குப் பொதுவான நிலை. அந்நிலையிற் பழுதுபார்ப்போன் ஒருவன், "தாய்ப்பலகை போயிற்று" என்று ஒரு சொற் சொல்லிவிடின், ஆராயாமல் ஆயிரக்கணக்கான ரூபாயை அளித்துவிடுவாரும் உளர். பழுதோ ஒரு கம்பியின் தளர்ச்சியாகவே இருத்தலுங் கூடும். ஆதலின், இப்பிணியின் மூலத்தை முறையே நாடியறியும் வழியை நம் கலாசாலை மாணவர்க்கு இங்கே சுருக்கமாக விளக்கக் கருதுகின்றோம்.

முதற்கண் ஓர் ஆறுதல் கூறுவோம். நாம் எழுதியவை தங்கும் வன்தட்டு வேறு. பொறிக்கு மின்சாரம் ஊட்டும் பெட்டி வேறு. மின்னூட்டும் பெட்டி பழுதுற்ற மாத்திரத்தானே வன்தட்டில் உள்ளவை பொதுவாக அழிந்துபோவதில்லை. அத்தட்டினைக் கழற்றி மற்றொரு பொறியில் இணைத்து, வேண்டியவற்றைப் படியெடுத்துக் கொள்ளலாம். தட்டு மறைமொழியாற் பூட்டப்பட்டிருப்பின், அதன் மீட்புச் சொல்லும் கையில் இருத்தல் வேண்டும். ஆகவே, அவசரத்தால் எதனையும் செய்ய வேண்டுவதில்லை.

இனி, கணிப்பொறி எவ்வாறு துயிலெழுகின்றது என்பதை அறிதல் வேண்டும். அதனை அறியாதான் பழுதினைத் தேடுதல், வழியறியாதான் இருளில் ஊர் தேடுதலை ஒக்கும். சுவரினின்று வரும் மின்சாரம் நம் நாட்டில் 230 வோல்ட் அளவினது. திசை மாறி மாறி ஓடுவது. கணிப்பொறியின் உறுப்புக்களோ 12, 5, 3.3 வோல்ட் அளவில் ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தையே ஏற்கும். முன்னதைப் பின்னதாக மாற்றித் தருவது, கடைத்தெருவில் எஸ்.எம்.பி.எஸ். என வழங்கும் மின்னூட்டுப் பெட்டி. 1995-ஆம் ஆண்டில் இன்டெல் கம்பெனியார் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பு முறையே இக்காலத்து மேசைக் கணிப்பொறிகள் பலவற்றிலும் கையாளப்படுகின்றது.

இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. முன்புறத்து விசை, விளக்கின் ஸ்விட்சைப்போல மின்சாரத்தை நேரே இணைப்பதன்று. பொறி உறங்கும்போதும் மின்னூட்டுப் பெட்டி ஊதாநிறக் கம்பியின் வழியே 5 வோல்ட் அளவுள்ள சிறிது மின்சாரத்தைத் தாய்ப்பலகைக்கு அளித்துக்கொண்டே இருக்கும். விசையை அழுத்துங்கால் அச்செய்தி தாய்ப்பலகையை அடைகின்றது. தாய்ப்பலகை பச்சைநிறக் கம்பியைப் பூமிக் கம்பியோடு சேர்க்கின்றது. அதனைக் குறிப்பாகக் கொண்டு மின்னூட்டுப் பெட்டி முழுதும் எழுந்து, தன் அளவுகள் நிலைபெற்றபின், "நலம்" என்னும் மறுகுறிப்பைச் சாம்பல்நிறக் கம்பியில் அனுப்புகின்றது. அதன்பின்னரே கணிப்பொறியின் மூளையாகிய பிராசஸர் தொழில் தொடங்கும். இச்சங்கிலியில் எக்கண்ணி அறுந்தாலும் பொறி எழாது. எக்கண்ணி அறுந்ததென்று காண்டலே நம் வேலை.

புகுமுன் ஓர் எச்சரிக்கை. மின்னூட்டுப் பெட்டியின் மூடியை எக்காரணத்தாலும் திறத்தலாகாது. அதனுள் இருக்கும் மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்தைத் தேக்கி வைத்திருப்பது. கம்பியைச் சுவரினின்று பிடுங்கிய பின்னரும் சிறிது காலம் அதனை விடாது வைத்திருத்தல் கூடும். உயிர்க்கு இறுதி தரவல்லது அது. கணிப்பொறியின் பெரும்பெட்டியைத் திறக்கும்போதும் முதலிற் சுவர்க்கம்பியைப் பிடுங்குக. பின்னர்ப் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் தங்கிய நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்க. எரிந்த நாற்றமோ புகையோ தோன்றின், மீண்டும் விசையை அழுத்தாமல் நிறுத்திவிடுக.

ஆராய்ச்சி புறத்தினின்று அகத்திற்குச் செல்லுதல் வேண்டும். சுவரில் உள்ள துளையில் மேசைவிளக்கு ஒன்றைச் செருகிப் பார்த்து, மின்சாரம் உண்டென்று தெளிக. இடையே யூ.பி.எஸ். கருவியோ பல துளைகள் கொண்ட நீட்டுப்பலகையோ இருப்பின், அவற்றை நீக்கிக் கணிப்பொறியைச் சுவரோடு நேரே இணைத்துப் பார்க்க. யூ.பி.எஸ்.-இன் மின்கலம் முதுமையுற்றதனாற் கணிப்பொறியின்மேற் பழி வருதல் அரிதன்று. பின்னர்க் கம்பியைச் சோதிக்க. மானிட்டருக்குச் செல்லும் கம்பியும் பெரும்பாலும் அதே வடிவினதாகலின், அதனைக் கழற்றி இங்கே மாட்டிப் பார்த்தல் செலவற்ற சோதனையாகும். மின்னூட்டுப் பெட்டியின் பின்புறத்துள்ள சிறு ஸ்விட்ச், வட்டமிட்ட பக்கம் அழுந்தியிருந்தால் அணைந்ததென்றும், கோடிட்ட பக்கம் அழுந்தியிருந்தால் இணைந்ததென்றும் அறிக. அறையைப் பெருக்குவார் கைபட்டு அது மாறியிருத்தலும் உண்டு.

இவையெல்லாம் செவ்வையாக இருப்பின், கம்பியைப் பிடுங்கிவிட்டு முன்விசையை அரைநிமிஷம் அழுத்திப் பிடிக்க. உள்ளே எஞ்சிய மின்சாரம் வடிந்துபோம். மின்னல் மழைக்குப் பின்னும், மின்சாரம் வந்துவந்து போகும் நாட்களிலும் மின்னூட்டுப் பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு ஒடுங்கிக் கிடத்தல் உண்டு. இவ்வாறு வடித்தபின் மீண்டும் இணைத்தால் அது தெளிந்தெழுதல் கூடும்.

அடுத்து விசையினைச் சோதித்தல். பெரும்பெட்டியைத் திறந்தால், முன்விசையினின்று இரு மெல்லிய கம்பிகள் தாய்ப்பலகையின் ஓரத்தில் இரண்டு ஊசிகளிற் செருகியிருக்கக் காணலாம். எந்த ஊசிகள் என்பதைத் தாய்ப்பலகையோடு வந்த கையேட்டிற் பார்த்துத் தெளிக. அச்செருகியை நீக்கி, சுவர்க்கம்பியை இணைத்து, திருப்புளியின் நுனியால் அவ்விரு ஊசிகளையும் ஒருகணம் சேர்த்துத் தொட்டுவிடுக. பொறி எழுமாயின், பழுது விசையிலன்றி வேறெங்கும் இல்லை. தாய்ப்பலகை போயிற்றென்று எண்ணப்பட்ட பொறி, ஒரு சிறு விசையை மாற்றிய அளவில் எழுந்துவிடும்.

அவ்வாறும் எழாதாயின் மின்னூட்டுப் பெட்டியைத் தனியே சோதிக்க வேண்டும். சுவர்க்கம்பியைப் பிடுங்கியபின், தாய்ப்பலகையிற் செருகிய 24 துளையுள்ள பெரிய செருகியையும், பிற உறுப்புக்களுக்குச் செல்லும் செருகிகளையும் கழற்றுக. பெரிய செருகியின் பச்சைக் கம்பித் துளையையும் அதன் பக்கத்துக் கறுப்புக் கம்பித் துளையையும் காகிதம் கோக்கும் கிளிப் ஒன்றை வளைத்து இணைத்து, கையை விலக்கிக்கொண்டு, பின்னர்ச் சுவரில் மின்சாரத்தைத் தருக. கம்பிகளெல்லாம் கறுப்பாகவே இருப்பின், 16-ஆம் துளையும் 17-ஆம் துளையும் அவையாம். சில கம்பெனியார் தம் பொறிகளுக்குத் தனிவடிவான செருகிகளை அமைப்பர். அவற்றில் இவ்விதி செல்லாது.

பெட்டியின் விசிறி சுழன்றால் அது எழுந்ததென்று கொள்ளலாம். ஆயினும் விசிறி ஒன்றே போதிய சான்றன்று. குறைந்த வேலையில் விசிறியைச் சுழற்றாத பெட்டிகளும் இக்காலத்தில் உள்ளன. மல்டிமீட்டர் என்னும் அளவைக் கருவி கிடைப்பின், கறுப்புக் கம்பியோடு சேர்த்து அளக்க. மஞ்சட் கம்பி 11.4 முதல் 12.6 வோல்ட் வரையிலும், சிவப்புக் கம்பி 4.75 முதல் 5.25 வோல்ட் வரையிலும் காட்டுதல் வேண்டும். உறக்கத்திலும் விழித்திருக்கும் ஊதாக் கம்பிக்கும் பின்சொன்ன அளவே உரியது. அளவு இல்லையேல் மின்னூட்டுப் பெட்டியை மாற்றுக; அதனைப் பிரித்துப் பார்த்தல் நம் வேலையன்று.

மின்னூட்டுப் பெட்டி நலமாக இருந்தும், விசையை அழுத்தியவுடன் விசிறிகள் ஒருகணம் அசைந்து நின்றுவிடுமாயின், எங்கேனும் ஒரு குறுக்கிணைப்பு உண்டென்று ஐயுற வேண்டும். மின்னூட்டுப் பெட்டி அதனை உணர்ந்து தன்னைத்தானே அணைத்துக்கொள்ளுகின்றது. தாய்ப்பலகையின் அடியில் உருண்ட திருகாணியும், வெப்பத்தை நாடிப் புகுந்து மடிந்த பல்லியும் இக்கேட்டினை விளைத்தலுண்டு. இவ்விடத்துக் கொள்ளத்தக்க முறை கழித்தல் முறையேயாம். வன்தட்டு, படக்கார்டு முதலியவற்றையெல்லாம் நீக்கி, பிராசஸரும் அதன் விசிறியும் ஒரேயொரு ரேம் சட்டமும் மட்டும் நிற்க வைத்து இயக்குக. பிராசஸருக்கென்று தனியே வரும் 4 அல்லது 8 துளைச் செருகி உரிய இடத்தில் இறுகியுள்ளதா என்றும் நோக்குக. பொறி எழுந்தால், நீக்கியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க. ஒவ்வொரு முறையும் சுவர்க்கம்பியைப் பிடுங்கிய பின்னரே சேர்த்தல் வேண்டும். எதனைச் சேர்த்தபோது நின்றதோ அதுவே குற்றவாளி. ஒரே காலத்தில் இரண்டினை மாற்றுவோன், பொறி எழுந்தாலும் எதனால் எழுந்ததென்று அறியான்.

விசிறிகள் நில்லாது சுழன்றும் திரை இருண்டே இருப்பின், அது வேறு பிணி. ரேம் சட்டத்தைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை மெல்லிய ரப்பராலே தேய்த்து, துகளைத் துடைத்து மீண்டும் அழுந்தச் செருகுக. மானிட்டரின் கம்பியையும் பார்க்க.

இவ்வளவும் செய்து பயன் காணாவிடத்தே தாய்ப்பலகையை ஐயுறுதல் முறை. அதன்மேல் நிற்கும் உருளை வடிவான மின்தேக்கிகளின் தலை வீங்கியோ கசிந்தோ இருப்பின், பழுது கண்ணுக்கே புலனாகும். 2000-ஆம் ஆண்டை அடுத்து வந்த சில ஆண்டுகளிற் செய்யப்பட்ட பலகைகள் பலவும் குற்றமுள்ள மின்தேக்கிகளால் இவ்வாறு கெட்டன. இந்நிலையில் வல்லவர் ஒருவரிடம் ஒப்புவித்தலே தக்கது. அப்போதும், "இன்னின்ன சோதித்தோம், இன்னது கண்டோம்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்போமாயின், அவர்க்குக் காலமும் நமக்குப் பொருளும் மிஞ்சும்.

பழுது வந்தபின் ஆராய்தலினும் வருமுன் காத்தல் எளிது. ஆண்டுக்கு இருமுறையேனும் தூசி போக்குக. இடிமின்னற் காலத்திற் சுவர்க்கம்பியைப் பிடுங்கி வைக்க. எல்லாவற்றிற்கும் மேலாக, எழுதியவற்றின் படி ஒன்றை வேறோர் இடத்தில் வைத்திருக்க. பொறி உறங்கிய காலையிலும் கட்டுரை கையில் இருக்குமாயின், மாணவன் அமைதியாக அமர்ந்து முதற்கண்ணியினின்று சோதிக்கத் தொடங்கலாம்.