கேன்வாஸா, ஸ்னீக்கரா? கடையில் எப்படிக் கேட்பது?

ஜூன் மாதம். மும்பையில் மழை தொடங்கும் நேரம். பள்ளிக்கூடம் திறக்கும் நேரமும் அதுதான். பிள்ளை பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுக்கிறது. சீருடைப் பட்டியல். சட்டை, பாவாடை, சாக்ஸ் எல்லாம் புரிகிறது. கடைசி வரியில்தான் குழப்பம். 'வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, பி.டி. நாளுக்கு' என்று இருக்கிறது.

பாண்டுப் ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளில் வெள்ளை ஷூ பலவகை தொங்கும். ஒன்று துணி. ஒன்று வலைத்துணி. ஒன்று தோல் போல மினுங்கும். எல்லாம் வெள்ளை. எல்லாம் ஷூ. விலைதான் வேறு வேறு. மினுங்குவதை வாங்கிப் போட்டு அனுப்பினால், 'இது கூடாது, மாற்றி வாங்கி வா' என்று பள்ளியில் சொல்லிவிடலாம். ஒரு நாள் மண்ணில் நடந்த ஷூவைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். ஒரு வாரக் காய்கறிக் காசு போய்விடும். அதற்குள் இரண்டு பி.டி. வகுப்பில் பிள்ளை ஓரமாக நிற்கும்.

எனவே சொற்களைச் சற்றுப் பார்ப்போம்.

'ஷூ' என்பது பொதுச் சொல். மரம் என்பது போல. வேம்பும் மரம், புளியும் மரம். 'ஒரு ஷூ கொடுங்க' என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு எடுத்துப் போடுவார். பெரும்பாலும் விலை கூடியதாகத்தான் இருக்கும்!

'கேன்வாஸ்' என்பது துணியின் பெயர். தடித்த பருத்தித் துணி. தமிழில் கித்தான் என்போம். கூடாரத்துக்கும் பாய்மரக் கப்பலுக்கும் பயன்பட்ட அதே துணி. மேலே கித்தான், கீழே ரப்பர், நடுவில் கட்டுவதற்கு லேஸ். இதுதான் கேன்வாஸ் ஷூ. பள்ளிச் சீட்டில் கேட்பது இதைத்தான்.

இந்த ரப்பருக்கு ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் ரப்பர் பொருள்கள் வெயிலில் உருகிப் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து உடையும். 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினார். அது உருகவில்லை. உடையவும் இல்லை. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. அதன் பிறகுதான் துணியும் ரப்பரும் சேர்ந்த ஷூ நிலைத்தது. கன்னியாகுமரி மாவட்டத்து மலையோரங்களில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஷூவின் அடிப்பாகத்துக்கு மூலப்பொருள் அந்தப் பால்தான்.

தோல் ஷூ போட்டு நடந்தால் 'டக் டக்' என்று சத்தம் வரும். ரப்பர் ஷூவில் சத்தம் வராது. பின்னால் வந்து நின்றாலும் தெரியாது. ஆங்கிலத்தில் 'ஸ்னீக்' என்றால் சத்தமில்லாமல் பதுங்கிப் போவது. அதனால் அமெரிக்கர்கள் இந்த ஷூவை 'ஸ்னீக்கர்' என்றார்கள். பூனை நடைக்காரன் என்று நாம் பெயர் வைத்திருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இங்கிலாந்துக்காரர்களும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் 'ட்ரெய்னர்' என்பார்கள். நம் ஊரில் ட்ரெய்னர் என்று கேட்டால், பயிற்சி கொடுக்கும் ஆளைத் தேடுகிறோம் என்று நினைப்பார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குள்ளேயே ஒரு பொருளுக்கு இரண்டு பெயர். ஆகவே, ஆங்கிலப் பெயர் தெரியவில்லை என்று கடை வாசலில் கூசி நிற்க வேண்டியதில்லை.

1916-இல் அமெரிக்கக் கம்பெனி ஒன்று இவ்வகை ஷூவை 'கெட்ஸ்' என்ற பெயரில் விற்றது. அது கம்பெனி வைத்த பெயர். நாளடைவில் அதுவே பொருளின் பெயராகிவிட்டது. வட இந்தியாவில் பலரும் கேன்வாஸ் ஷூவைக் 'கெட்ஸ்' என்றுதான் சொல்வார்கள். வனஸ்பதியை நாம் டால்டா என்கிறோம் அல்லவா, அதுபோல. உத்தரப் பிரதேசத்துக்காரர் வைத்திருக்கும் கடையில் 'கெட்ஸ்' என்று கேட்டாலும் வேலை நடக்கும்.

'பாட்டா'வும் இப்படிப்பட்ட பெயர்தான். அதை நம் நாட்டுக் கம்பெனி என்று நினைப்பவர்கள் பலர். 1894-இல் இன்றைய செக் நாட்டில் தொடங்கியது அது. 1930-களில் கல்கத்தா அருகே தொழிற்சாலை வைத்தார்கள். அந்த இடத்துக்குப் பாட்டாநகர் என்றே பெயர். இலங்கைத் தமிழர்களிடம் போய் 'பாட்டா' என்றால் ரப்பர் செருப்பைக் காட்டுவார்கள். ஷூவுக்கு அவர்கள் சொல்வது 'சப்பாத்து'. இது போர்ச்சுகீசியச் சொல். மேசை, சாவி, ஜன்னல் எல்லாம் அந்த வழியாக வந்த சொற்களே. அந்தப் போர்ச்சுகீசியர்தான் ஆங்கிலேயருக்கு முன்னால் பம்பாயையும் வைத்திருந்தார்கள்.

மும்பையில் இன்னொரு சிக்கல் உண்டு. மராத்தியில் எல்லா ஷூவும் 'பூட்'தான். 'பாண்டரே பூட்' என்றால் வெள்ளை ஷூ. 'காளே பூட்' என்றால் கறுப்பு ஷூ. ஊரில் தாத்தாக்களும் 'பூட்ஸ்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஆங்கிலத்தில் பூட்ஸ் என்றால் கணுக்காலுக்கு மேலே ஏறுவது. சிப்பாய் போடுவது. மராத்தியில் அறிவிப்பு வந்தால், பூட் என்ற சொல்லைப் பார்த்துச் சிப்பாய் பூட்ஸ் தேட வேண்டாம்.

இப்போது இளம்பிள்ளைகள் வாயில் 'ஸ்னீக்கர்' என்ற சொல் அதிகம் வருகிறது. அடி தட்டையாக, வெளியே போட்டுக்கொண்டு சுற்றுவதற்கு அழகாக இருக்கும் ஷூவை அப்படிச் சொல்கிறார்கள். அது துணியிலும் வரும், தோலிலும் வரும். ஓடுவதற்கு உள்ளது வேறு. அதற்கு 'ரன்னிங் ஷூ' அல்லது 'ஸ்போர்ட்ஸ் ஷூ' என்று கேட்க வேண்டும். மேலே காற்றுப் போகும் வலைத்துணி இருக்கும். குதிகாலில் மெத்தென்று தடிப்பு இருக்கும். போலீஸ் வேலைக்கு ஓட்டத் தேர்வு எழுதப் போகும் பையன் ஸ்னீக்கர் வாங்கிக்கொண்டு வந்தால் கால் வலிதான் மிஞ்சும்.

எழுத்துக் கற்றவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை. 'ஸ்னீக்கர்ஸ்' என்பதில் 'னீ' நெடில். அதைக் குறிலாக்கி 'ஸ்னிக்கர்ஸ்' என்று சொன்னால் அது சாக்லேட்! முதல் எழுத்தையும் விட்டு 'நிக்கர்' என்றால் அரைக்கால் சட்டை. பட்டியலைப் படிக்கும்போது குறில் நெடிலைக் கவனியுங்கள்.

ஒரு காலுக்கு 'ஷூ'. இரண்டு காலுக்கு 'ஷூஸ்'. 'ஒரு ஷூஸ்' என்பது ஆங்கிலத்தில் சரியில்லை. 'ஒரு ஜோடி ஷூ' என்று சொல்லுங்கள். செருப்புக்கும் நாம் ஜோடி என்றுதானே சொல்கிறோம்? ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு எழுத்து எஸ், எச், ஓ, ஈ. நடுவில் ஓ இருப்பதால் சிலர் 'ஷோ' என்று படித்துவிடுகிறார்கள். ஷோ என்றால் சினிமாக் காட்சி.

சரி, கடைக்குப் போவோம். 'பையா, ஸஃபேத் கேன்வாஸ் கா ஜூத்தா திகாவோ. ஸ்கூல் கே லியே' என்று கேளுங்கள். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ காட்டுங்கள், பள்ளிக்கூடத்துக்கு என்று பொருள். பள்ளிச் சீட்டையும் கையில் வைத்திருங்கள். எடுத்துக் காட்டியதைத் தடவிப் பாருங்கள். துணி சொரசொரவென்று இருக்கும். மினுங்கினால் அது கேன்வாஸ் இல்லை.

பவாய், முலுண்டு பக்கம் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கும் இந்தச் சொற்கள் தேவைப்படும். 'ஸ்னீக்கர்ஸைக் கழுவி வை' என்று வீட்டுக்காரம்மா சொல்வார். துணி ஸ்னீக்கர் என்றால் சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். தோல் என்றால் தண்ணீரில் முக்கவே கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பெயரை மட்டும் நம்பாமல் தொட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால், 'இது துணியா, தோலா?' என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள். ஷூ கெட்டுப்போனால் சம்பளத்தில் பிடித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

பெட்டியின் பக்கத்தில் மூன்று எண்கள் அச்சடித்திருக்கும். யூ.கே., யூ.எஸ்., ஈ.யூ. என்று இருக்கும். மூன்றும் ஒரே அளவுதான், நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. ஆண்கள் ஷூவில் யூ.கே. 6 என்றால் யூ.எஸ். 7, ஈ.யூ. 39 அல்லது 40. நம் கடைகளில் 'சைஸ் 6' என்றால் பெரும்பாலும் யூ.கே. கணக்கு. பிள்ளையை மாலையில் கூட்டிப் போங்கள். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். சாக்ஸ் போட்டே அளவு பாருங்கள். நுனியில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள்.

மும்பை மழையில் கேன்வாஸ் நனையாமல் தப்பாது. நனைந்தால் லேஸைக் கழற்றித் தனியாக அலசுங்கள். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணியுங்கள். தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரவில் ஒரு தடவை தாளை மாற்றுங்கள். அடுப்புப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். சூடு பட்டால் அடி ரப்பர் துணியை விட்டுப் பிரிந்துவிடும்.